லாக்கப்புக்குப் போன சோற்றுப் பொட்டலம்

என் ராசா,

நீ பஸ் ஏறி இன்னும் முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் கடிதமா என்று சிரிக்காதே. நேரில் உட்கார்ந்து பேசலாம் என்றால் நீயும் உன் அப்பாவும் "ஆரம்பிச்சிட்டாங்கப்பா சி.ஐ.டி." என்று கண்ணடித்துக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது அதோடு போச்சு. காகிதத்தில் எழுதினால் குறுக்கே பேச முடியாதல்லவா? எட்டாவதோடு நின்ற கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி. உங்கள் முகாமில் வருகிற கடிதங்களையெல்லாம் பிரித்துப் பார்ப்பார்கள் என்று சொன்னாய். பார்க்கட்டும். பார்க்கிற ஐயாவுக்கும் வணக்கம். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, நீங்களும் படியுங்கள்.

நேற்று மத்தியானம் நீ கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தபோது, பட்டாளத்தில் உன்னைப் போட்டிருக்கிற மலைநாட்டைப் பற்றி உன் அப்பா கேட்டார், "ஏன்டா, அந்தப் பக்கம் ஆபத்து ஜாஸ்தியாமே?" என்று. நீ அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னாய்: "நீங்க ஏம்ப்பா பயப்படறீங்க? அங்க சட்டமே வேற. சந்தேகம்னு தோணுனா சுடலாம். அப்புறம் நம்மள எவனும் ஒண்ணும் கேக்க முடியாது. கேஸ் போடணும்னாகூட மேல இருந்து உத்தரவு வரணும்." உன் அப்பா "அப்பாடா" என்று மூச்சு விட்டார். நான் ரசக் கரண்டியோடு நின்றிருந்தேன். "கேக்க முடியாதுனா இன்னாடா அர்த்தம்? கேக்கறதுக்கு ஆளே இல்லையா, இல்ல கேட்டா வாயை மூடிடுவாங்களா?" என்றேன். "உனக்கு அதெல்லாம் புரியாதும்மா, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றாய். ஊற்றினேன். ஆனால் அந்தக் கேள்வி என் தலையில் வண்டு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கிறது. பாத்திரம் கழுவும்போதும் அதேதான். கேட்பாரே இல்லாத இடத்தில் ஒரு மனுஷன் என்னவாக ஆவான்? எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. அப்படி ஒருத்தரைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். அவர் நம் கடையில் சாப்பிட்டிருக்கிறார்.

நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்த வருஷம். நம் சாப்பாட்டுக் கடை அப்போது போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிர்ச்சாரியில் இருந்தது, ஞாபகம் இருக்கும். லாக்கப்பில் இருக்கிறவனுக்கு வேளைக்குச் சோறு போட வேண்டும் என்பது சர்க்கார் விதி. ஸ்டேஷனில் அடுப்பு ஏது? அதனால் பக்கத்துக் கடையில் பொட்டலம் வாங்குவார்கள், எல்லா ஊரிலும் அப்படித்தான். நம் கடையிலிருந்துதான் போகும். தையல் இலையில் சோற்றை வைத்து, நடுவில் குழி பறித்துக் குழம்பு ஊற்றி, பேப்பரில் சுற்றி நூல் கட்டிக் கொடுப்பேன். ரசத்துக்குத் தனியாகத் தூக்கு. ஏட்டையா வந்து வாங்கிக்கொண்டு போவார். தொப்பையும் வெற்றிலை வாயுமாக இருப்பாரே, உன் மைப்பேனாவுக்குக்கூட முள் மாற்றிக் கொடுத்தாரே, அவர்தான். அந்தச் சமயம் ஜவ்வாது மலைப் பக்கம் தீவிரவாதிகளைத் தேடுகிறோம் என்று ஒரு தனிப்படை வந்து ஸ்டேஷனில் இறங்கியிருந்தது. அதற்கு வெளியூர் இன்ஸ்பெக்டர் ஒருத்தர். நெற்றியில் விபூதி, சட்டை மடிப்புக் கலையாது, யாரையும் "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் ஏட்டையா தூக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "இன்னாம்மா, உள்ள ஒருத்தன் உன் குழம்புக்குக் குத்தம் சொல்றான். உப்பு கம்மியாம். கொஞ்சம் கல்லுப்பு தனியா மடிச்சு வெக்கச் சொன்னான்." எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "ஓகோ, தொரைக்கு அப்பளம் பாயசம் வேணாமாமா? கேட்டுட்டு வாங்க!" என்று கத்தினேன். அவர் போனதும் ஒரு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். பாழாய்ப்போனவன் சொன்னது சரிதான், உப்பு கம்மி. அன்று காலையிலிருந்து கடை நிறைய ஆள் சாப்பிட்டிருக்கிறார்கள், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வேளையிலிருந்து பொட்டலத்தின் மேல் ஒரு சின்னக் காகிதத்தில் கல்லுப்பு மடித்துச் செருகிவிடுவேன். யார் இவன், உள்ளே கிடந்துகொண்டு வெளியே இருக்கிறவளுக்குக் குற்றம் சொல்லி அனுப்புகிறவன் என்று பார்த்தாக வேண்டும்போல இருந்தது. என் புத்தி உனக்குத்தான் தெரியுமே.

பௌர்ணமி அன்று ஏட்டையாவைக் கிரிவலக் கூட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பொட்டலம் வாங்க ஆள் வரவில்லை. உன் அப்பா கல்லாவில். சரி, இதுதான் சாக்கு என்று தூக்கை எடுத்துக்கொண்டு நானே போனேன். வாசலில் நின்ற போலீஸ்காரர் நம் கடையில் தினமும் டீ குடிக்கிற பையன், "குடுத்துட்டு சீக்கிரம் வந்துடுங்கக்கா" என்று விட்டுவிட்டான். உள்ளே கம்பிக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒல்லியாக, அரும்பு மீசையோடு. உதடு வெடித்திருந்தது. வலது கணுக்கால் பானை மாதிரி வீங்கியிருந்தது. பொட்டலத்தை வாங்க எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை, உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்தான்.

"உப்பு மடிச்சு அனுப்பற அக்கா நீங்கதானா?" என்றான்.

"ஆமா. என் குழம்புக்குக் குத்தம் சொன்னவன் நீதானா?"

"குத்தம் இல்லக்கா. சின்னப் புள்ளையில இருந்தே எனக்கு உப்பு ஜாஸ்தி வேணும். எங்கப்பா திட்டிக்கினே இருப்பாரு." பிறகு காதைச் சாய்த்துக் கேட்டான்: "இன்னிக்குப் பௌர்ணமியாக்கா? ஜனங்க நடக்கற சத்தம் கேக்குது."

"பௌர்ணமிதான். காலு இன்னா ஆச்சு?"

அவன் போலீஸ்காரப் பையனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வழுக்கி விழுந்துட்டேன்" என்றான். அத்தனை வருஷம் லாக்கப்புக்குச் சோறு கட்டியவள் நான். அங்கே எல்லாருக்கும் வழுக்கும் என்று எனக்குத் தெரியும். பேர் கேட்க வாயெடுத்தேன், அதற்குள் "போதும்க்கா, ஐயா வந்துடுவாரு" என்று அந்தப் பையன் கூப்பிட்டுவிட்டான். வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் ஏட்டையா வந்து, "இன்னிக்கு உள்ள யாருக்கும் வேணாம்மா" என்றார். ஏன் என்றேன். வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். காலெல்லாம் புழுதி. கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஏதோ கிராமம், மல்லாட்டைக் காடு வைத்துக் கடலை போடுகிறவர். சாப்பாடு வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும் என்றார். "யாரைத் தேடறீங்க?" என்றேன். "என் பையனம்மா. போலீசு புடிச்சாங்கனு ஊர்ல சொல்றாங்க. ஸ்டேஷன் ஸ்டேஷனா போறேன், இங்க இல்ல இங்க இல்லங்கறாங்க." எப்படி இருப்பான் என்று கேட்டால் ஒல்லி, மாநிறம் என்கிறார். இந்த ஜில்லாவில் பாதிப்பேர் அப்படித்தானே இருக்கிறார்கள்? சாப்பாட்டுக் கடைக்காரி வேறு என்ன கேட்பாள்? "சாப்பாட்டுல எப்படி?" என்றேன். பெரியவருக்கு முகத்தில் லேசாகச் சிரிப்பே வந்துவிட்டது. "உப்புதாம்மா. இலையில கல்லுப்பு இல்லேனா சோத்துல கையே வெக்கமாட்டான்."

அடுப்பை உன் அப்பாவிடம் விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர்ச்சாரிக்கு ஓடினேன். இன்ஸ்பெக்டர் கோபப்படவே இல்லை. "வாங்கம்மா, நீங்களே பாருங்க" என்று லாக்கப்பைத் திறந்து காட்டினார். காலியாக இருந்தது. தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார்கள், ஈரம் காயவில்லை. "நேத்து நான் சோறு குடுத்தேனே சார்" என்றேன். "அவன் பிக்பாக்கெட்டும்மா. காலையில விட்டாச்சு" என்றார். பெரியவர் அந்த ஈரத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

இரண்டு நாள் கழித்துப் பேப்பரில் வந்தது. மலையில் தேடுதலுக்குப் போன போலீசைப் பார்த்ததும் ஒருவன் சுட்டுக்கொண்டே பாறைமேல் ஏறி ஓடினானாம். தற்காப்புக்காகப் போலீஸ் திருப்பிச் சுட்டதாம். செத்துக் கிடந்தவன் படமும் போட்டிருந்தார்கள்; அதே அரும்பு மீசை, அதே வெடித்த உதடு. அவனை அதற்கு முன்னால் யாரும் பிடிக்கவில்லையாம், கண்ணாலும் பார்க்கவில்லையாம். நான் அந்த நாலு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிக்பாக்கெட்டு, விட்டுவிட்டார்கள், வேறு ஆள் என்றெல்லாம் சொன்னால்கூட மனசைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் காலோடு ஓடினானாம்! சோற்றுப் பொட்டலம் வாங்க எழுந்து நிற்க முடியாதவன் பாறை ஏறி ஓடினானாம். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

சப் கலெக்டர் விசாரணை வைத்தார். தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று தண்டோரா போட்டார்கள். உன் அப்பா, "எதிர்ல ஸ்டேஷனை வெச்சிக்கினு நமக்கு ஏன்டி இந்த வம்பு, புள்ளகுட்டிக்காரங்க நாம" என்று இரண்டு நாள் சாப்பிடாமல் சண்டை போட்டார். அவர் பயந்தது தப்பென்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெரியவர் வந்து, "உசுரோட பாத்து ரெண்டு வார்த்தை பேசினது நீ ஒருத்திதாம்மா" என்று நின்றபோது எனக்கு வேறு வழி தெரியவில்லை. போனேன். உப்புக் கதையைச் சொன்னேன், வீங்கிய காலைச் சொன்னேன். "அவன் பேர் என்னன்னு அப்போ தெரியுமா?" என்று கேட்டார்கள். "தெரியாதுங்க. உப்பு ஜாஸ்தி போட்டுக்கற பையன்" என்றேன். அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அடுத்து ஏட்டையாவைக் கூப்பிட்டார்கள். "அந்தம்மா கடையில நாங்க லாக்கப்புக்குச் சாப்பாடே வாங்கறதில்லைங்க" என்றார் அவர். நான் இருந்த இடத்திலிருந்தே கத்தினேன்: "ஏட்டையா! நேத்து வரைக்கும் ரசம் ஊத்தி அனுப்பினேனே, நெஞ்சுல கை வெச்சு சொல்லுங்க!" அவர் என் பக்கம் திரும்பவில்லை. என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். பல மாதம் கழித்து, போலீஸ் சுட்டது சரிதான் என்று முடிவு வந்தது. இன்ஸ்பெக்டருக்கு மெடல். நமக்கு ஸ்டேஷன் வியாபாரம் நின்றது, சுகாதாரம் சரியில்லை என்று நோட்டீஸ் மேல் நோட்டீஸ் வந்தது, கடையை இந்தச் சந்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. "ஏம்மா இங்க வந்தோம்?" என்று நீ கேட்டபோது வாடகை கம்மி என்று சொன்னேன். காரணம் இதுதான்.

நீ கேட்பாய், அந்தப் பையன் யோக்கியனா என்று. எனக்குத் தெரியாதடா. மல்லாட்டை பிடுங்குகிற கூலி ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கூலி உயர்த்தக் கேட்டான், அப்புறம் போலீஸ் தேடிய அந்தக் கூட்டத்தோடு மலைக்குப் போய்விட்டான் என்று அவன் அப்பா சொன்னார். அந்தக் கூட்டத்தார் ஒரு மிராசுதாரை வெட்டினார்கள் என்பதும் உண்மை. அந்த மனுஷனுக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு. இவன் கை அதில் இருந்ததா? இருந்திருந்தால் கோர்ட்டில் நிறுத்திக் கேட்டிருக்கலாமே. நானே போய் உட்கார்ந்து கேட்டிருப்பேன், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். அவனைக் கேட்கவும் விடவில்லை, அவனைக் கொன்றவரைக் கேட்கவும் விடவில்லை. இதில் அரசாங்கத்துக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. உனக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருந்தால் எழுது.

ஏட்டையா ரிட்டயர் ஆனபிறகு ஒரு நாள் இந்தச் சந்துக் கடைக்கு வந்து மூலையில் உட்கார்ந்தார். இலை போட்டுவிட்டுக் கேட்டேன், விடுவேனா? "ஏன் அப்படிச் சொன்னீங்க?" "ரெண்டு பொண்ணுங்கம்மா எனக்கு. வேலை போயிட்டா எங்க போவேன்?" என்றார். சோற்றைப் பிசைந்தார். பிறகு, "அன்னிக்கு விடியகால ஜீப்புல ஏத்தறப்ப கூட அந்தப் பையன், அந்த அக்காகிட்ட உப்பு சரியா இருந்துச்சுனு சொல்லுங்கனு சொன்னாம்மா. எப்படி வந்து சொல்றது உன்கிட்ட?" என்றார். நானும் அழுதேன், அவரும் அழுதார். அவர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவருக்கு அது தினமும் உறுத்திக்கொண்டிருந்தது, பார்த்தாலே தெரிந்தது.

ஆனால் நான் உனக்குச் சொல்ல வந்தது அந்த இன்ஸ்பெக்டரைப் பற்றித்தான். போன கார்த்திகை தீபத்துக்கு நீ பயிற்சியில் இருந்தாய். கூட்டத்தில் கசங்கி ஒரு குடும்பம் கடைக்குள் நுழைந்தது. பட்டுப்புடவை கட்டிய அம்மா, காலேஜ் படிக்கிற வயசில் ஒரு பெண், கூட அவர். இப்போது டி.எஸ்.பி.யாம். தலை நரைத்திருந்தது, விபூதி அதேதான். இந்த ஆளுக்கு எப்படிச் சோறு இறங்குகிறது, முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று ஒவ்வொரு கரண்டிக்கும் அவரையே பார்த்தேன். நன்றாகச் சாப்பிட்டார். பெண்ணின் இலையில் மிச்சமிருந்த அப்பளத்தை எடுத்துக்கொண்டார், மனைவிக்கு விக்கியபோது தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். எந்தக் குடும்பத்திலும் இருக்கிற அப்பாவைப் போலத்தான் இருந்தார். கை கழுவ வந்தபோது பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"சார், என்னைத் தெரியுதுங்களா? முன்ன ஸ்டேஷனுக்கு எதிர்ல கடை வெச்சிருந்தேன். அந்தப் பையனை இன்னா சார் பண்ணீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். திடுக்கிடுவார், முறைப்பார், கத்துவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக நின்றேன். அவர் நிஜமாகவே யோசித்தார். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, புருவத்தைச் சுருக்கி, "எந்தப் பையன்?" என்றார். "உங்க லாக்கப்புல, காலு வீங்கி…" என்றேன். இன்னும் கொஞ்சம் யோசித்தார். "ஆங், ஒரு பிக்பாக்கெட்டு. விட்டுட்டமே அவன" என்றார். அப்புறம் முகமெல்லாம் சிரிப்பாக, "ஆனா உங்க ரசத்த மட்டும் நான் மறக்கவே இல்லம்மா. அதே ருசி" என்றார். மனைவியைக் கூப்பிட்டு என்னை அறிமுகம் செய்துவைத்தார்.

பொய் சொல்கிறாரோ என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். நடிப்பு இல்லையடா. கடைக்கு வருகிற ஆயிரம் முகம் பார்த்தவள், எனக்குத் தெரியும். அவர் நிஜமாகவே மறந்துவிட்டார். அன்றைக்குத் தான் சொன்ன பொய் ஞாபகம் இருக்கிறது, ரசம் ஞாபகம் இருக்கிறது, பையன் இல்லை. அவர் பிறக்கும்போதே ராட்சசனாகவா பிறந்திருப்பார்? அவரையும் ஒரு அம்மா பஸ் ஏற்றி அனுப்பியிருப்பாள். சப் கலெக்டர் கேட்கவில்லை, கோர்ட்டு கேட்கவில்லை, வீட்டில் மனைவி கேட்கவில்லை, மெடல் வேறு குத்தினார்கள். ஒருத்தரும் கேட்காமல் போனால் செய்தவனுக்கே மறந்துபோகும் போலிருக்கிறது. அந்தப் பெரியவர் இன்னும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிறார். அடி அண்ணாமலையில் ஒரு மரத்தடியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, நம் கடைக்கு வந்து சாப்பிட்டுப் போவார். அவருக்கு ஒன்றும் மறக்கவில்லை. டி.எஸ்.பி. சொன்னதை அவரிடம் இதுவரை நான் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வேன்?

உன்னை வேலைக்குப் போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. நீ ஆசைப்பட்டு ஓடி ஓடிப் பழகிச் சேர்ந்த வேலை. நீ சுடப்படக் கூடாது என்று அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த மலைநாட்டு ஜனங்களைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், அம்மாவை என்னவென்று கூப்பிடுகிறார்கள், சோற்றில் உப்பு எவ்வளவு போட்டுக்கொள்கிறார்கள் என்றெல்லாம் பார்த்து எழுது. அங்கேயும் பிள்ளையைத் தேடிக்கொண்டு ஒரு பெரியவர் உங்கள் முகாம் வாசலில் வந்து நிற்பார். கட்டாயம் நிற்பார். அவர் பாஷை உனக்குப் புரியாமல் இருக்கலாம், என்ன கேட்கிறார் என்பது புரியும்.

உன்னை யாரும் கேட்க முடியாது என்றாயே, நான் கேட்பேன். எனக்கு எந்த மேலிடத்து உத்தரவும் வேண்டாம். நீ லீவில் வரும்போதெல்லாம் கேட்பேன்: உன் காவலில் யார் இருந்தது, சாப்பிட்டானா, அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தானா? சி.ஐ.டி. ஆரம்பித்துவிட்டாள் என்று சிரித்துக்கொள், பரவாயில்லை. செய்யக்கூடாததைச் செய்திருந்தால்கூட என்னிடம் சொல். அடிப்பேன், அழுவேன், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே நிறுத்துவேன். அப்போதும் நீ என் பிள்ளைதான்.

நீ வருகிற அன்று ரசம் வைத்து, இலை போட்டு, ஓரத்தில் கல்லுப்பு வைத்திருப்பேன். நீ உட்காருவதற்கு முன்னால் கேட்பேன். அப்போது மட்டும் என் முகத்தைப் பார்த்து "எந்தப் பையன்?" என்று கேட்டுவிடாதேடா.

உன் அம்மா